ஒன்பது மைக்ரான் பொய்!

ரெக்கார்டு நோட்டுல ரீடிங்கை 'சமைச்ச' அனுபவம் உங்களுக்கு உண்டா பாஸ்?

சும்மா சொல்லுங்க. இங்கே லேப் சார் யாரும் இல்லை. தியரிப்படி என்ன வரணுமோ அதை முதல்ல எழுதிட்டு, அதுல பாயின்ட் நாலைக் கூட்டி, பாயின்ட் ஆறைக் குறைச்சு, 'அடடா, எவ்வளவு இயற்கையான எரர்!'னு நம்மை நாமே மெச்சிக்கிட்டு, கிராஃப் ஷீட்ல அம்சமா ஒரு கோடு போடுவோமே... அந்தக் கலையில நான் கோல்டு மெடலிஸ்ட். கம்யூனிகேஷன் லேப்ல எங்க பேட்ச் முழுக்க என் சமையல்தான்!

அந்தக் கரண்டியை காலேஜ்லயே வெச்சுட்டுப் போயிருக்கணும். கையோட எடுத்துட்டுப் போயிட்டேன். அதைத்தான் சொல்ல வந்தேன்.

2025 டிசம்பர் செமஸ்டர் லீவுல சென்னையில ஒரு டேட்டா சென்டர்ல மூணு வாரம் இன்டெர்ன்ஷிப். எந்த டேட்டா சென்டர்னு கேட்காதீங்க. 'டேட்டா சென்டர்'னதும் சினிமாவுல வர்ற மாதிரி நீல வெளிச்சம், பூனை மாதிரி அமைதின்னு கற்பனை பண்ணிட்டுப் போனேன். கதவைத் திறந்தா... சத்தம்னா சத்தம், அப்படி ஒரு சத்தம்! ஆயிரக்கணக்கான ஃபேன்கள் ஒரே நேரத்துல ஓடுது. பக்கத்துல நிக்கிறவர்கிட்டகூடக் கத்தித்தான் பேசணும். ராக்குக்கு முன்னால நின்னா ஊட்டி. பின்னால போனா மே மாச வேலூர். மொபைலை வாசல்லயே லாக்கர்ல வெச்சுடணும். ஸ்டேட்டஸ் போட முடியாத சோகத்தோடதான் உள்ளே போனேன்.

உள்ளே என்னை இழுத்தது சர்வர் இல்லை. மேலே தட்டு தட்டா ஓடுற மஞ்சள் ஒயர்கள். இடியாப்பத்தைக் கொத்தாகத் தூக்கிப் பிடிச்ச மாதிரி! எல்லாமே ஆப்டிகல் ஃபைபர். நீங்க தட்டுற ஒவ்வொரு மெசேஜும், ராத்திரி ரெண்டு மணிக்கு ஏ.ஐ.கிட்ட கேக்கற அசைன்மென்ட்டும் இந்த மாதிரி ஒரு மஞ்சள் ஒயருக்குள்ள வெளிச்சமா ஓடிட்டுத்தான் இருக்கு.

எவ்வளவு வேகம் தெரியுமா? நான் வேலை பார்த்த வரிசையில ஒவ்வொரு ஒயரும் 400 ஜிகாபிட். அதாவது ஒரு நொடிக்கு 50 ஜி.பி. ரெண்டு ஜி.பி. சைஸுல ஒரு படம்னு வெச்சா, கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள நாலஞ்சு படம் போயிடும்!

இது எப்படின்னு புரிய, கரன்ட் போன ராத்திரியை நினைச்சுக்கங்க. நீங்க உங்க மொட்டை மாடியில, ஃப்ரெண்டு அவன் வீட்டு மாடியில. டார்ச்சை அடிச்சா '1', அணைச்சா '0'. பழைய ஃபைபர் லிங்க் எல்லாம் இந்த விளையாட்டுதான். வேகம் பத்தலைன்னு என்ன பண்ணினாங்கன்னா, டார்ச்சுக்கு நாலு அளவு வெச்சாங்க. இருட்டு, மங்கல், சுமார், முழு வெளிச்சம். இப்போ ஒரு தடவை காட்டினாலே ரெண்டு பிட் போயிடும். 'பாம்-4'னு பேர். இப்படி ஒரு நொடிக்கு 5,300 கோடி தடவை அளவை மாத்துது லேசர்! அந்த மாதிரி நாலு நிற லேசர்களை ஒரே இழைக்குள்ள அனுப்பினா 400 ஜிகாபிட். எல்லாம் 1,300 நானோமீட்டர் பக்கத்து அகச்சிவப்பு. நம்ம கண்ணுக்கு ஒண்ணுமே தெரியாது.

ஆனா, இதுல ஒரு வம்பு இருக்கு. டார்ச்சுக்கு ரெண்டே அளவுன்னா எவ்வளவு பனி மூட்டத்துலயும் கண்டுபிடிச்சுடலாம். நாலு அளவுன்னா 'மங்கலா, சுமாரா?'ன்னு குழப்பம் வரும். நடுவுல யாராவது கண்ணாடியைக் காட்டி வெளிச்சத்தைத் திருப்பி அடிச்சா... சுத்தம்! இதை மனசுல வெச்சுக்கங்க. பின்னாடி தேவைப்படும்.

'எதுக்கு இவ்வளவு கஷ்டம், காப்பர் ஒயரே போதுமே?'ன்னு நானும் கேட்டேன். இந்த வேகத்துல காப்பர் ரெண்டு மூணு மீட்டரைத் தாண்டினாலே மூச்சு வாங்கும். ராக்குக்குள்ள காப்பர், ராக்கை விட்டு வெளியே வந்தா கண்ணாடி. அவ்வளவுதான் கணக்கு.

இந்த மஞ்சள் ஒயர்களை எல்லாம் கட்டி மேய்க்கிறவரை அங்கே 'கேபிள் அண்ணே'ன்னுதான் கூப்பிடுவாங்க. ஐ.டி.ஐ. படிச்சவர். கான்ட்ராக்ட் ஆள். நாப்பது வயசு இருக்கும். முதல் நாள் அவர் என்கிட்ட சொன்னது ரெண்டே விஷயம். 'கனெக்டருக்குள்ள கண்ணை விட்டுப் பார்க்காத தம்பி. வெளிச்சம் தெரியாது, ஆனா இருக்கும்.' அடுத்தது, 'துடைக்காம சொருகாதே.'

நான் மனசுக்குள்ள சிரிச்சேன். ஏன்னா, நான் ஆப்டிகல் கம்யூனிகேஷன் பேப்பர்ல எங்க கிளாஸ்லயே ரெண்டாவது மார்க். டிஸ்பர்ஷனுக்கு ஃபார்முலா கேட்டா தூக்கத்துல சொல்வேன். என்கிட்ட போய் துணி துவைக்கச் சொல்ற மாதிரி...

அண்ணே ஒரு சின்ன மைக்ராஸ்கோப்பை எடுத்து ஒரு ஃபைபர் முனையை ஸ்கிரீன்ல காட்டினார். சாம்பல் கலர்ல ஒரு வட்டம். 125 மைக்ரான். அதுக்கு நட்ட நடுவுல சின்னதா இன்னொரு வட்டம், 9 மைக்ரான். 'இதுக்குள்ளதாம்ப்பா எல்லாம் போகுது'ன்னார். நம்ம தலைமுடியோட தடிமன் சுமாரா 70 மைக்ரான்னு வெச்சுக்கங்க. அதுல எட்டுல ஒரு பங்கு! அந்த ஓட்டைக்கு முன்னாடி ஒரே ஒரு தூசி உட்கார்ந்தா, கதவுக்கு முன்னாடி யானை உட்கார்ந்த கதைதான். அது மட்டும் இல்லை. ரெண்டு முனைகளை அழுத்திச் சேர்க்கும்போது அந்தத் தூசி கண்ணாடியில கீறல் போட்டுச்சுன்னா, அப்புறம் எவ்வளவு துடைச்சாலும் போகாது.

துடைக்கிறதுக்கு பேனா மாதிரி ஒரு கருவி. முனையில வெச்சு அழுத்தினா, உள்ளே ஒரு நூல் நாடா உருண்டு துடைக்கும். 'டிக்'னு ஒரு சத்தம் வரும். பார், துடை, மறுபடி பார், அப்புறம் சொருகு. செக் லிஸ்ட்ல ஒவ்வொரு முனைக்கும் டிக் போடு. இதான் வேலை.

ரெண்டாவது வாரம் புது வரிசை ஒண்ணு ரெடி பண்ணினாங்க. மொத்தம் 48 ஒயர். ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு பக்கம், பக்கத்துக்கு ரெண்டு இழை. ஆக, 192 முனை. ஒரு முனைக்கு ஒரு நிமிஷம்னாலும் மூணு மணி நேரத்துக்கு மேல ஆகும். அண்ணே கூடவே இருந்து ஆரம்பிச்சார். நடுவுல வேற வரிசையில ஏதோ அவசரம்னு கூப்பிட்டாங்க. 'பார்த்துச் செய் தம்பி, வந்துடறேன்'னு போனார்.

முதல் பத்துப் பன்னிரண்டு ஒயர் ஒழுங்காத்தான் செஞ்சேன். சத்தியமா! அப்புறம் கை வலி, குளிரு, பசி. புது ஒயர், ஃபேக்டரி பாக்கெட்டைக் கிழிச்சு இப்போதான் எடுக்கிறேன். முனையில பிளாஸ்டிக் மூடி வேற போட்டிருக்கான். 'இதுல எங்கேருந்துடா தூசி வரும்?'னு தோணுச்சு. மூடியைக் கழட்டினேன், சொருகினேன். அடுத்தது. மூடி, சொருகு. அடுத்தது. எல்லாத்துலயும் பச்சை லைட் எரிஞ்சுது. எனக்கு ஒரே பெருமை.

அப்புறம் செக் லிஸ்ட்டை எடுத்தேன். 192 கட்டம். உட்கார்ந்து 192 டிக் போட்டேன். நேச்சுரலா இருக்கணும்னு பேனா அழுத்தத்தைக்கூட மாத்தி மாத்திப் போட்டேன் பாஸ்! கோல்டு மெடலிஸ்ட்னு சொன்னேன்ல?

இன்டெர்ன் கையெழுத்துப் போடக் கூடாது. அண்ணே வந்தார், லிஸ்ட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கையெழுத்துப் போட்டார்.

அஞ்சு நாள் கழிச்சுதான் ஆரம்பிச்சது.

கம்ப்ளெயின்ட் வர்ற விதமே விசித்திரமா இருந்தது. ஒருத்தர், 'ஸ்லோவா இருக்கு'ன்னு சொல்றார். பக்கத்து சர்வர்காரர், 'எனக்கு நல்லாத்தானே இருக்கு'ங்கறார். முதல் ஆள் மறுபடி கனெக்ட் பண்ணினா சரியாயிடுது. பத்து நிமிஷம் கழிச்சு வேற ஒருத்தருக்கு ஸ்லோ. பேய் பிடிச்ச மாதிரி!

காரணத்தைப் புரிஞ்சுக்க, உள்ளே ஒயர் எப்படிப் போகுதுன்னு சொல்லணும். ஒவ்வொரு ராக் மேலயும் ஒரு ஸ்விட்ச் இருக்கும். 'லீஃப்'. இந்த லீஃப் ஒவ்வொண்ணும் நடுவுல இருக்கற எல்லா 'ஸ்பைன்' ஸ்விட்ச்களோடயும் தனித்தனியா கனெக்ட் ஆகியிருக்கும். இந்த ஐடியா கம்ப்யூட்டர்காரங்களோடது இல்லை. பெல் லேப்ஸ்ல இருந்த சார்லஸ் க்ளாஸ் டெலிபோன் எக்ஸ்சேஞ்சுக்காக 1953-ல எழுதினது. ராக்குக்கு ராக் போக எட்டு ஸ்பைன் இருந்தா எட்டு வழி. எந்த கனெக்‌ஷன் எந்த வழியில போகணும்னு ஸ்விட்ச் ஒரு கணக்குப் போட்டுப் பிரிச்சு விடும். திருப்பதி க்யூ மாதிரி. அதுல ஒரே ஒரு வழி கோளாறுன்னா, அந்த வழியில விழுந்தவங்க மட்டும் மாட்டுவாங்க. திரும்ப கனெக்ட் பண்ணினா வேற க்யூவுல விழுவாங்க. பிரச்னை 'தீர்ந்துடும்'!

ஒயர் அறுந்திருந்தா ஸ்விட்சே கண்டுபிடிச்சு ஒதுக்கியிருக்கும். அறுந்த ஒயர் நல்லவன் பாஸ். 'நான் செத்துட்டேன்'னு நேர்மையா சொல்லிடுவான். பாதி கெட்ட ஒயர்தான் வில்லன். பச்சை லைட் எரியும். உள்ளே தப்புத் தப்பா அனுப்பிட்டு இருக்கும்.

இதுல இன்னொரு கூத்து. இந்த வேகத்துல தப்பே இல்லாம அனுப்பவே முடியாது. அதனால ஒவ்வொரு 514 எழுத்துக்கும் 30 காவல் எழுத்தைச் சேர்த்து அனுப்புவாங்க. பதினைஞ்சு எழுத்து வரைக்கும் தப்பா வந்தாலும் அந்தப் பக்கம் தானே திருத்திக்கும். ஆக, தூசி பண்ற தப்பை எல்லாம் அது சத்தமில்லாம திருத்திட்டே இருந்திருக்கு. பதினாறாவது தப்பு வந்தாத்தான் மொத்தமும் தொலையும். தொலைஞ்சதை மறுபடி அனுப்பணும். அதான் 'ஸ்லோ'.

ராத்திரி ஷிஃப்ட்ல ரெண்டு மணி வரைக்கும் தேடினாங்க. நானும் கூட நின்னேன். எந்த லிங்க்ல திருத்தங்கள் அதிகம்னு வரிசையா எடுத்தப்போ ஒண்ணு மட்டும் தனியா நின்னுது. வெளிச்சம் எவ்வளவு வந்து சேருதுன்னு பார்த்தா, மத்ததுல எல்லாம் மைனஸ் 1.5 டி.பி.எம். பக்கம். இதுல மைனஸ் 5.2. மூணு டி.பி. குறைஞ்சாலே வெளிச்சம் பாதியாயிடும்னு நாம படிச்சிருக்கோம். இது அதுக்கும் கீழே. ஆனா மைனஸ் 7-க்குக் கீழே போனாத்தான் அலாரம் அடிக்கும். பாஸ் மார்க் எடுத்திருந்தது என் ஒயர்! போதாததுக்கு, தூசியில பட்டுத் திரும்பின வெளிச்சம் நாலு அளவையும் குழப்பிட்டு இருந்தது. அந்தக் கண்ணாடிக் காட்டுற கதை.

அண்ணே அந்த லிங்க்ல ட்ராஃபிக்கை நிறுத்தச் சொல்லிட்டு, ஒயரை உருவி ஸ்கோப்ல வெச்சார். ஸ்கிரீன்ல நடு வட்டத்துக்கு மேல கறுப்பா ஒரு பிசிறு. சுத்திலும் பொடிப் பொடியா... நிலாவுல பள்ளம் மாதிரி.

ஷிஃப்ட் லீட் செக் லிஸ்ட்டை எடுத்தார். 'டிக் போட்டிருக்கு. யார் கையெழுத்து இது? யார் போட்டது இந்த ஒயர்?'

நான் அண்ணனுக்குப் பக்கத்துலதான் நின்னேன். ஒரு அடி தூரம். வாயைத் திறந்திருக்கலாம். ஃபேன் சத்தம் மட்டும்தான் கேட்டுச்சு.

'நான்தான் சார்'னார் அண்ணே.

அப்புறம் அவர் வாங்கின திட்டை நான் இங்கே எழுத விரும்பலை. இருபது வருஷ அனுபவத்துக்கு அந்த வார்த்தைகள் அதிகம். துடைச்சு மாட்டினதும் ரீடிங் மைனஸ் 1.6. அதாவது 0.3 மில்லிவாட்ல இருந்து 0.69 மில்லிவாட். ஒரு 'டிக்', அவ்வளவுதான்.

விடியற்காலை நாலரைக்கு வாசல்ல டீ. கையில கிளாஸ் நடுங்குது, குளிர்னால இல்லை. 'அண்ணே... அது நான்தாண்ணே. துடைக்கலை'ன்னேன்.

'தெரியும் தம்பி. ஒருக்கா துடைச்ச முனை எப்படி இருக்கும், துடைக்காத முனை எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாதா? மூடிக்குள்ள இருக்கற பிசிறுதான் அது. புது ஒயர்லதான் ஜாஸ்தி இருக்கும்.' டீயை ஒரு வாய் உறிஞ்சிட்டு, 'அது போகட்டும். எத்தனை விட்ட?'

எனக்குத் தெரியலை.

இதான் பாஸ், எனக்கு இன்னிக்கும் உறுத்துற இடம். பன்னிரண்டு ஒழுங்கா செஞ்சேன்னு சொன்னேன்ல? அது பத்தா, பன்னிரண்டா, பதினஞ்சா? எந்தெந்தப் பன்னிரண்டு? லிஸ்ட்ல 192 டிக்கும் ஒரே மாதிரி இருக்கு. ஒழுங்கா செஞ்சதுக்குப் போட்ட டிக்கும் செல்லாமப் போயிடுச்சு. வெறும் காகிதமா குடுத்திருந்தாக்கூட 'இவன் செய்யலை'ன்னு தெரிஞ்சிருக்கும்.

அதனால 48 ஒயரையும் மறுபடி பார்க்க வேண்டியதாச்சு. அதுவும் இப்போ உள்ளே ட்ராஃபிக் ஓடுது. ஒவ்வொரு லிங்க்கா ஒதுக்கி, உருவி, பார்த்து, துடைச்சு, மாட்டி, ரீடிங் எடுத்து... நடு ராத்திரிக்கு மேலதான் அனுமதி. மூணு ராத்திரி ஆச்சு. அண்ணனும் நானும். மோசமா இருந்தது மொத்தம் நாலே நாலு முனைதான். ஆனா அதைத் தெரிஞ்சுக்க மீதி 188-ஐயும் பார்த்தாகணும்.

அந்த ராத்திரிகள்ல என் படிப்பை எல்லாம் அவர்கிட்ட கொட்டினேன், குற்ற உணர்ச்சிதான் காரணம். சார்லஸ் காவ் பத்திச் சொன்னேன். 1966-ல இங்கிலாந்துல இருந்துக்கிட்டு அவரும் ஜார்ஜ் ஹாக்கமும் எழுதின பேப்பர்ல என்ன சொன்னாங்க? வெளிச்சத்தைத் தின்கிறது கண்ணாடி இல்லை, அதுல கலந்திருக்கற அழுக்குதான். அழுக்கை எடுத்துட்டா ஒரு கிலோமீட்டருக்கு 20 டி.பி.க்குக் கீழே இழப்பைக் கொண்டுவரலாம்னு. 1970-ல கார்னிங் கம்பெனிக்காரங்க 17 டி.பி.ன்னு செஞ்சும் காட்டிட்டாங்க. காவுக்கு 2009-ல நோபல் கிடைச்சுது. இதை நான் 13 மார்க் கேள்விக்குப் படம் போட்டு எழுதியிருக்கேன். சொல்லி முடிச்சதும் அண்ணே கேட்டார்... 'அப்ப அவரும் துடைக்கத்தான் சொல்லியிருக்காரு?'

நான் பதில் சொல்லலை. அடுத்த முனையை எடுத்தேன். டிக்.

இன்னொரு நாள் புதுசு புதுசா வர்றதைப் பத்திப் பேச்சு வந்தது. ஏ.ஐ. கம்ப்யூட்டர்களுக்கு இது எவ்வளவு முக்கியம்னு சொன்னேன். ஆயிரக்கணக்கான ஜி.பி.யூ. சேர்ந்து ஒரே கணக்கைப் போடும். ஒவ்வொரு படியிலயும் எல்லாரும் விடையைப் பரிமாறிக்கிட்டாத்தான் அடுத்த படிக்குப் போக முடியும். ஒரே ஒரு லிங்க் தடுமாறினா அத்தனையும் கையைக் கட்டிட்டு நிக்கும், டூர் பஸ்ல ஒருத்தன் லேட்டா வந்த மாதிரி. கூகுள் தன்னோட டேட்டா சென்டர்கள்ல நடு ஸ்பைனுக்குப் பதிலா குட்டிக் குட்டிக் கண்ணாடிகளைத் திருப்பி வெளிச்சத்தை வெளிச்சமாவே வழி மாத்தி விடுதுன்னு 2022-ல பேப்பர் போட்டாங்க. என்விடியா 2025 மார்ச்ல, வெளிச்சமா மாத்துற பாகத்தைத் தனி மாட்யூலா மாட்டாம ஸ்விட்ச் சிப்புக்குப் பக்கத்துலயே வெக்கப் போறோம்னு அறிவிச்சாங்க. 'இனிமே நீங்க இந்த மாட்யூலை எல்லாம் மாட்டிக் கழட்ட வேண்டியதே இருக்காதுண்ணே'ன்னு உற்சாகமா சொல்லிட்டேன். சொன்னப்புறம்தான் உறைச்சுது, இது அந்த மனுஷனோட வேலை ஆச்சேன்னு.

அவர் அசரலை. 'அந்தப் பொட்டியில இருந்து ஃபைபர் வெளிய வரும்ல தம்பி?'

'வரும்ணே.'

'அப்ப முனை இருக்கும்ல?'

மூணாவது ராத்திரி முடிஞ்சதும் நான் ஷிஃப்ட் லீட்கிட்ட போய் உண்மையைச் சொன்னேன். தைரியம் வர அத்தனை நாள் ஆச்சு. அவர் நிமிர்ந்து பார்த்து, 'ஓகே... நோட் பண்ணிக்கிறேன்'னார். என்ன நோட் பண்ணினார்னு தெரியலை. ரிப்போர்ட் ஏற்கெனவே போயிடுச்சு. அதுல காரணம்னு ஒரு கட்டம், டெக்னீஷியன் பெயர்னு ஒரு கட்டம். இன்டெர்ன் பெயர் எழுதக் கட்டமே கிடையாது. 'திருத்தி அனுப்ப முடியுமா சார்?'னு கேட்டேன். 'அதெல்லாம் பெரிய ப்ராசஸ்ப்பா'ன்னார். கான்ட்ராக்டைப் புதுப்பிக்கும்போது அந்த ரிப்போர்ட்டை யாராவது புரட்டிப் பார்ப்பாங்களா? அண்ணன்கிட்ட கேட்டேன். 'பார்த்தா பார்க்கட்டும்'னு சொல்லிட்டு பேச்சை மாத்திட்டார்.

எனக்குக் குடுத்த சர்ட்டிஃபிகேட்ல 'வெரி குட்'னு போட்டிருக்கு. வீட்டுல ஃப்ரேம் போடலாம்னாங்க. வேண்டாம்னுட்டேன்.

இந்த செமஸ்டர் எங்களுக்கு ஆப்டிகல் லேப். சிவப்பு எல்.இ.டி., பிளாஸ்டிக் ஃபைபர், ஒரு மீட்டர், மூணு மீட்டர்னு மாத்தி மாத்தி மாட்டி இழப்பைக் கணக்குப் போடணும். கிட்டுக்கு வயசு என்னைவிட அதிகம் இருக்கும்போல. போன வாரம் அந்த ஃபைபர் முனையைப் பார்த்தேன். மூடி எல்லாம் எப்பவோ தொலைஞ்சு போச்சு. முனையில பிசுபிசுன்னு என்னமோ. பென்ச்ல என் கூட இருந்தவன் ரீடிங் எழுதி முடிச்சுட்டு, 'மச்சி, சீனியர் ரெக்கார்டு இருக்கு, காப்பி பண்ணிக்கோ'ன்னு நீட்டினான்.

கெமிஸ்ட்ரி லேப்ல கெஞ்சி கொஞ்சம் ஐசோப்ரோபைல் ஆல்கஹால் வாங்கிட்டு வந்தேன். மூக்குக் கண்ணாடி துடைக்கிற துணியில தொட்டு, எட்டு முனையையும் துடைச்சேன். மறுபடி மாட்டி ரீடிங் எடுத்தேன். வந்ததை அப்படியே எழுதினேன்.

லேப் சார் ரெக்கார்டை வாங்கிப் பார்த்தார். மத்த நோட்டுகளோட வெச்சுப் பார்த்தார். கண்ணாடியைக் கழட்டிட்டுக் கேட்டார்...

'ஏம்ப்பா, உன் ரீடிங் மட்டும் ஏன் வேற மாதிரி இருக்கு?'